உபதேசியார் போட்ட ரோடு

எங்கள் அப்பா இறந்த எட்டாம் நாள் காலை, தவிட்டுப்பாறையிலிருந்து கீழே இறங்குகிற ஒற்றையடிப் பாதை இருந்ததைவிட ஒரு சாண் கூடுதலாக அகலமாகியிருந்தது.

முதலில் பார்த்தவர் மொக்கராசு மாமா. தோளில் வாழைத்தாரோடு இறங்கியவர், அரை மைல் போன பிறகுதான், இவ்வளவு நேரமாக ஒரு காப்பிச் செடிகூடத் தன் முழங்கையில் உரசவில்லையே என்று நின்று பார்த்தாராம். கல்யாண வீட்டில் பெரியவர் ஒருவர் வந்தால் பந்திப் பாயில் இருப்பவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்களே, அதுபோலச் செடிகள் இரண்டு பக்கமும் நகர்ந்து உட்கார்ந்திருந்தன. வேரோடு, பூவோடு, பூவுக்குள் தலையை விட்டிருந்த தேனீயோடு. மாமா தாரைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பி மேலே வந்து, டீக்கடையில் உட்கார்ந்து ஒரு டீயும் குடித்து முடித்த பிறகு, சாரல் விழுந்த செய்தியைச் சொல்வதுபோலச் சொன்னார்: "பாதை கொஞ்சம் எடம் விட்டுருக்கப்பா. இனிமே தலைச்சுமையோட ரெண்டு பேரு எதிரெதிர வரலாம்."

தவிட்டுப்பாறை தொண்ணூறு வீட்டு ஊர். காப்பியும் ஆரஞ்சும் வாழையும் இலவமும் விளைகிற மலை. பஸ் வருகிற தார் ரோடு ஏழு மைல் கீழே இருந்தது. அந்த ஏழு மைலுக்கும் மூட்டைக்குக் குதிரை, மனிதருக்குக் கால், காலும் முடியாதவருக்கு டோலி. டோலி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஒரு நீள மூங்கில், அதில் தொட்டில்போலக் கட்டிய கம்பளி, உள்ளே காய்ச்சல்காரரோ பாம்பு கடித்தவரோ பிள்ளைத்தாய்ச்சியோ, முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், தோள் மாற்றிக்கொள்ள நாலைந்து பேர். முன்னால் போகிற அந்த ஒருவர், முப்பத்தெட்டு வருஷமாக எங்கள் அப்பாதான். பின்னால் போகிறவர் மொக்கராசு மாமா.

அப்பா பெயர் சந்தியாகு. ஊரிலுள்ள சின்னக் கோவிலின் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் மலையேறி வருவார் என்பதால், மற்ற ஞாயிறுகளில் ஜெபம் சொல்வதும், பிள்ளைகளுக்குச் சிலுவை போடக் கற்றுக்கொடுப்பதும், சாகக் கிடப்பவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் அப்பாவின் வேலை. பிரசங்கம் மட்டும் அவருக்கு வரவே வராது. நோவாவின் பேழைக்குள் எல்லாரையும் ஏற்றிவிடுவார், அப்புறம் எப்படி இறக்குவது என்று தெரியாமல் முக்கால் மணி நேரம் வெள்ளத்திலேயே சுற்றுவார், ஆண்கள் பக்கம் குறட்டை கேட்கும், "சரி, மழை நின்னுச்சு" என்று சட்டென்று முடிப்பார். முத்தாலம்மன் திருவிழா வந்தால் அங்கே தண்ணீர்க் குடம் சுமக்கவும் அவர்தான் முதல் ஆள். மூங்கில் அழுத்தி அழுத்தி வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்த்துப்போயிருந்ததால், தையல்காரர் அப்பாவின் சட்டைக்கு மட்டும் வலப்பக்கம் ஒரு விரற்கடை துணி கூட்டித் தைப்பார். அம்மா காப்பிப்பழம் பறிக்கப் போகிற நாட்களில் எனக்குத் தலை சீவிப் பின்னிவிடுவதும் அப்பாதான். அந்தச் சடையும் அவர் தோளைப்போலவே ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். அப்படியே பள்ளிக்கூடம் போவேன், பெருமையாக.

வருஷாவருஷம் ரோடு கேட்டு மனு எழுதுவார். ஒவ்வொரு மனுவுக்கும் பரிசீலனையில் இருப்பதாக மரியாதையாகப் பதில் வரும். அதையும் கோவிலில் வாசித்துக் காட்டிவிட்டு, "பரிசீலிக்கிறவங்களுக்காகவும் வேண்டிக்குவோம்" என்பார்.

எட்டாம் நாள் ஒரு சாண் என்றேனா, ஒன்பதாம் நாள் இன்னொரு சாண். பத்தாம் நாள் இன்னொன்று. தினமும் விடியும்போது ஒரு சாண். அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. பதினோராம் நாள் ஆனைப்பாறை, அத்தனை வருஷமாகப் பாதைக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்ற பாறை, சாப்பிட்டு முடித்த மனிதர்போலப் பின்னால் சாய்ந்துகொண்டது. பதிமூன்றாம் நாள் ஓடையில் தாண்டித் தாண்டிக் கால் வைக்கிற கற்கள் ஒன்றோடொன்று நெருங்கிப் படுத்துப் பாலமாகிவிட, தண்ணீர் எந்தச் சத்தமும் போடாமல் அடியில் போகக் கற்றுக்கொண்டது. ஏற்றங்கள் நீண்டு சரிந்தன, வளைவுகள் விரிந்தன, முப்பத்தெட்டு வருஷம் அப்பா எங்கெல்லாம் டோலியை இறக்கி மூச்சு வாங்கினாரோ அங்கெல்லாம் இரண்டு வண்டி ஒதுங்கி நிற்கிற அளவுக்குத் தரை தானாக மெத்தென்று பரந்தது.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கீழே எல்லாரும் கேட்கிறார்கள். மகசூலை எடுத்துக்கொள்வதுபோலத்தான் எடுத்துக்கொண்டது. காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன்னால் போய்ச் சாண் போட்டுப் பார்ப்பார்கள். யாருடைய சாண் என்று சண்டை வந்து, கடைசியில் டீக்கடைக்காரர் மனைவியின் சாண்தான் சரியான சாண் என்று பொதுவில் முடிவானது. இதுவரை மாட்டுவண்டியையே நேரில் பார்க்காத பெண்கள், எந்த மாதிரி ஜீப் வாங்கலாம் என்று கிணற்றடியில் வாதாடினார்கள். பஸ் நிறுத்தத்துக்கு இடம் பார்த்து, ஒருவர் கல் நட்டு, இன்னொருவர் அதற்கு வெள்ளையும் அடித்துவிட்டார். தன் காப்பிச் செடிகள் போய்விட்டனவே என்று அழுதுகொண்டு ஓடியவர்கள் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றுகூடக் குறையாததால் வெட்கத்தோடு திரும்பினார்கள்.

பதினைந்தாம் நாள் ஓவர்சியர் தர்மலிங்கம் அளவு நாடாவோடு மேலே வந்தார். ஏழு மைலையும் நடந்து வந்தவர், வேர்வையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "இந்த வேலைய எடுத்துச் செய்யறது யாரு?"

"உபதேசியார்" என்றது ஊர்.

"அவரைக் கூப்பிடுங்க."

"அவரு தவறிப்போய்ப் பதினஞ்சு நாளாச்சு."

ஓவர்சியர் நாடாவைச் சுருட்டி வைத்துக்கொண்டார். "வேலை தரமா இருக்கு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு இறங்கிப் போனார். அதற்கடுத்த நாள் இரண்டு கட்சிக்காரர்கள் இரண்டு ரிப்பன்களோடு வந்து, முந்திக்கொண்டவர் அன்று சாயங்காலமே குறுக்கே இழுத்துக் கட்டிவைத்துப் படுத்தார். விடிந்து பார்த்தால் ரோடு ஒரு சாண் விரிந்திருந்ததில் ரிப்பன் தானாக அறுந்து கிடந்தது. மறுநாள் மற்றவர் கட்டினார், அதுவும் அறுந்தது. "அவரே திறந்துக்கறாரு, விடுங்கப்பா" என்றார் மொக்கராசு மாமா.

பெருமாயி அத்தை ஒருத்திதான் இடம் கொடுக்கவில்லை.

பாதை பாதி மலையில் பெருமாயி அத்தையின் ஆரஞ்சுத் தோட்டத்தை ஊடறுத்துத்தான் போகும். ரோட்டுக்காக ஒரு ஓரம் விட்டுக் கொடுக்கச் சொல்லி அப்பா இருபது வருஷம் அத்தையிடம் நடந்தார். ஒவ்வொரு தடவையும் அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள். இப்போது மரங்கள் நகர ஆரம்பித்ததும், ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் நடுப்பாதையில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். ரோடு அவளை ஒன்றும் சொல்லவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தன்பாட்டுக்கு விரிந்தது. நான்கு நாளில் அத்தை நட்ட நடு ரோட்டில் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள்.

முப்பதாம் நாள் பூசை முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லியிருந்தேன். கீழே வத்தலக்குண்டில் டீச்சர் வேலை. ஒரு மத்தியானம் அத்தைக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன்.

"செத்தவன் கேக்காமயே எடுத்துக்கிறான் பாத்தியா உங்கப்பன்?" என்றாள்.

"மரம் எல்லாம் அப்படியே இருக்கே அத்தை."

"இருக்குடி. எண்ணிட்டேன். முன்னவிட நல்லாக் காய்ச்சிருக்கு, அதான் இன்னும் எரிச்சலா இருக்கு." சோற்றைப் பிசைந்தாள். வாயில் வைக்கவில்லை. "எம் புருசன் இலவ மரத்துலேர்ந்து விழுந்தாரே, அன்னைக்கு உங்கப்பன்தான் தூக்கிட்டு ஓடுனான். காட்டுக்குப் போகாம ஊருல இருந்த ஆம்பளைக மொத்தமும் தோள் மாத்திக்கக் கூடப் போயிட்டாங்க."

எனக்குத் தெரியும். அப்போது எனக்கு ஏழு வயது. அவர்கள் போன இரண்டு மணி நேரத்தில் என் தங்கை எமல்டாவுக்கு, நாலு வயசுக் குழந்தைக்கு, காய்ச்சல் ஏறி இழுப்பு வந்தது. தூக்கிக்கொண்டு போக ஊரில் தோள் இல்லை. அம்மா அவளை மடியில் போட்டுக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா திரும்பி வந்தபோது எமல்டா இல்லை.

"அதுக்கப்புறம் எம் புருசன் பன்னண்டு வருசம் இருந்தாரு" என்றாள் அத்தை. "உங்கப்பன் வாசல்ல வந்து நின்னு, 'தங்கச்சி, ஓரமா ஒரு பத்தடி' அப்படின்னு கேப்பான். அந்தப் புள்ள மூஞ்சிதான் எனக்குத் தெரியும். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, 'உம் புருசனத் தூக்கப் போயித்தான எம் புள்ளையக் குடுத்தேன்'னு சொல்லிக்காட்டியிருந்தா, தோட்டத்தையே எழுதிக் குடுத்திருப்பேன். சொல்ல மாட்டேனுட்டான்டி. சண்டாளன், சிரிச்சிக்கிட்டே போவான். அப்புறம் நான் எப்படிக் குடுப்பேன்?"

அழுதாள். அழுதுகொண்டே சோறு முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு எழுந்து, "அந்தப் பக்கம் பிடி" என்றாள். இரண்டு பேரும் கட்டிலைத் தூக்கி ஓரத்தில் போட்டோம். மறுநாள் காலை, கட்டில் கிடந்த இடத்து மேடும் சமமாகியிருந்தது.

முப்பதாம் நாள் காலை ஜீப் வந்தது! வளைவுக்கு வளைவு ஆள் நிறுத்தி, ஒருவர் பார்த்து மற்றவருக்குக் கத்தி, "ஓடை தாண்டிருச்சு!", "ஆனைப்பாறை தாண்டிருச்சு!", "பெருமாயி தோட்டம், பெருமாயி தோட்டம்!" என்று ஏழு மைலும் குரலாக ஏறி வர, கோவில் மணியை யாரோ அடித்தார்கள், அம்மன் கோவில் கொட்டும் சேர்ந்துகொண்டது, நாய்கள் எந்தப் பக்கம் குரைப்பது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி ஓடின. சாமியார் இறங்கியபோது அவர் அங்கியில் ஒரு துளி சேறு இல்லை. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பூசையில் அவர் வைத்த பிரசங்கம் பத்தே நிமிடம். ஆனாலும் அப்பாவை நினைத்து ஆண்கள் பக்கத்தில் இரண்டு பேர் மரியாதைக்குக் கண்ணை மூடித் தூங்கினார்கள்.

பூசை முடிந்து சாப்பாட்டுக்கு ஊர் மொத்தமும் எங்கள் வீட்டுக்கு நடந்தபோதுதான் அந்த விஷயம் எல்லார் கண்ணிலும் பட்டது. ரோடு மரக்கிளைபோலப் பிரிந்து பிரிந்து, வீடு வீடாகப் போயிருந்தது. தையல்காரர் வாசலுக்கு, டீக்கடைக்கு, மொக்கராசு மாமா வீட்டுக்கு, ஊருக்கு வெளியே தனியாக இருந்த குடிசைக்குக்கூட. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. அறுபது அடி தள்ளிப் பலா மரத்தடியில் நின்றுவிட்டது. அங்கிருந்து எங்கள் வாசல்வரைக்கும் பழைய ஒற்றையடிப் பாதைதான், புல் மூடிக் கிடந்தது.

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் அம்மா அருளம்மா அதிகம் பேச மாட்டாள். எமல்டா போன பிறகு அதிலும் பாதி.

மொக்கராசு மாமாதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அக்கா, கோவிச்சுக்காதீக. அவரு சும்மா நடந்த இடமெல்லாம் ரோடாகல. யாரையாச்சும் தூக்கிட்டு நடந்தாரே, அந்த இடந்தான் ஆகியிருக்கு. ஒங்க வீட்டுலேர்ந்து அவரு யாரையும்..."

சொல்லி முடிக்கவில்லை. பெருமாயி அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தூக்கியிருக்காரு" என்றாள் அம்மா. "பின்னால வந்து பாருங்க."

வீட்டைச் சுற்றிக்கொண்டு போனோம். கொல்லைக் கதவிலிருந்து கல்லறைத் தோட்டம்வரைக்கும், நேராக, பள்ளம் மேடு இல்லாமல், ஊரிலேயே அகலமான ரோடு போய்க்கொண்டிருந்தது. நாலு ஜீப் ஒன்றாகப் போகலாம். எமல்டாவை அடக்கம் செய்த அன்று அப்பா யாரையும் தொட விடாமல், தனியாக, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடந்த வழி அது.

"இது சாண் சாணா வரல" என்றாள் அம்மா. "எட்டாம் நாளே முழுசா வந்துருச்சு. தெனம் காலையில நடந்துட்டு வாரேன். கொல்லைக் கதவைப் பூட்டியே வச்சிருந்தேன், யார்கிட்டயும் சொல்லத் தோணல."

சாமியார் தலையைக் குனிந்துகொண்டார். அம்மாதான் முதலில் திரும்பினாள். மெதுவாக, ஒரு காலை இழுத்து இழுத்து முன்வாசலுக்கு வந்து படியில் உட்கார்ந்தாள். அவள் அப்படி நடப்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை வருஷமாக அப்படி நடந்தாளோ.

"முன்வாசலுக்கு ரோடு வராதது அவரு குத்தம் இல்ல" என்றாள். "எனக்கு முட்டி வலி. இருபது வருசமா இருக்கு. ஊரு வலியெல்லாம் அந்த மனுசன் தோள்ல ஏத்திக்கிறாரு, நம்மளும் எதுக்குன்னு சொல்லல. கொஞ்சம் கோவமும் இருந்துச்சு. புள்ள போன அன்னைக்கு நீ இல்லையே, இன்னைக்கு நான் எதுக்கு உங்கிட்டக் கேக்கணும்னு. ஒரு நாள் அவரே கேட்டாரு, 'ஏன் அருளு, கால் எதும் நோவுதா'ன்னு. இல்லைன்னுட்டேன்."

எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுறேன். நோவுது. நல்லா நோவுது. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க."

ஊர் ஒரேயடியாக உடைந்தது. மூங்கில் எடுக்க ஒருவர் கோவிலுக்கு ஓட, கம்பளிக்கு நாலு பேர் நாலு வீட்டுக்கு ஓட, "அந்தக் கம்பளி குத்தும், எங்க வீட்டுது புதுசு" என்று சண்டை வர, பெருமாயி அத்தை "தூக்குங்கடா, வாயப் பாத்துட்டு நிக்கிறீக!" என்று அதட்ட, மாமா முடிச்சுப் போட, அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். பின்னால் மாமா நின்றார். முன்னால் யார் என்று எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பெண்கள் டோலி தூக்கி எங்கள் ஊரில் வழக்கமில்லை. நான் போய் மூங்கிலுக்கு அடியில் வலது தோளைக் கொடுத்தேன்.

என்ன கனம்! எலும்பில் இறங்கியது. இப்படியா முப்பத்தெட்டு வருஷம், இப்படியா மழையில், இப்படியா வெறும் வயிற்றோடு, அதற்குப் பிறகும் வீட்டுக்கு வந்து எனக்குச் சடை பின்னினாரா என்று நினைத்தபோது கண் மறைத்தது. "அழுதா வழி தெரியாது பாப்பா, நடந்துக்கிட்டே அழு" என்றார் பின்னாலிருந்து மாமா.

முதல் அடி வைத்தேன். புல் ஒதுங்கியது. விடியும்வரை காத்திருக்கவில்லை, சாண் கணக்குப் பார்க்கவில்லை, என் கால் படப் பட, பாயை உதறி விரிக்கிற சத்தத்தோடு, இரண்டு பக்கமும் மண் விரிந்துகொண்டே போனது. கொய்யா மரம் ஒதுங்கியது, துணி துவைக்கிற கல் ஒதுங்கியது, கோழிக்கூண்டு உள்ளே இருந்த கோழிகளோடு ஒதுங்கியது. "வருது! வருது!" என்று கூட்டம் கத்திக்கொண்டே பின்னோக்கி ஓடியது. பலா மரத்தடியில் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வாசலுக்கும் ரோடு வந்துவிட்டது.

ஜீப்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

அம்மா கம்பளியை விலக்கிப் பார்த்தாள். "ஜீப்பு நாளைக்கும் வரும்ல? இன்னைக்கு இப்படியே போகலாம். அவரு தூக்குன ஆளுக என்னத்தப் பாத்துக்கிட்டுப் போனாங்கன்னு நானும் பாக்கணும்."

ஏழு மைலும் தூக்கினோம். ஊர் முழுவதும் தோள் மாற்றியது. தையல்காரர் தூக்கினார், இரண்டு கட்சிக்காரர்களும் ஒருவர் முன்னால் ஒருவர் பின்னாலாகத் தூக்கினார்கள், சாமியார் அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு அரை மைல் தூக்கினார். தன் தோட்டம் வந்ததும் பெருமாயி அத்தை யாரையும் கேட்காமல் முன்னால் வந்து மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டாள். தோட்டம் முடிகிறவரை அவள்தான். அம்மா கையை நீட்டி, எட்டிய ஒரு ஆரஞ்சைப் பறித்து, உரித்து, முன்னால் நடக்கிற அத்தையின் வாயில் ஒரு சுளையை ஊட்டிவிட்டாள். ஜீப், ஆள் ஏற்றாமல், ஊர்வலத்தில் வருகிற யானைபோலப் பின்னாலேயே மெதுவாக வந்தது.

தார் ரோட்டில் பஸ் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு கூட்டத்தைப் பார்த்துக் கண்டக்டர் பதறி இறங்கி ஓடிவந்தார்.

"என்னாச்சும்மா? பாம்பா? பிரசவமா? ரொம்ப சீரியஸா?"

அம்மா டோலியிலிருந்து இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு, தாரில் காலை ஊன்றி நின்றாள்.

"ஒண்ணுமில்லப்பா. முட்டி வலி" என்றாள். "அதுக்காகத்தான் எங்க வீட்டுக்காரரு ரோடு போட்டுருக்காரு."